கரிச்சட்டியைத் தெரியாத குழாய்

இலங்கை மலையகத்து டிக்கோயாவுக்கு மருமகளாக வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, கனடாவிலிருந்து கொழுந்தன் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. சாக்லேட், ஜம்பர், வலித்தைலம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சமையலறைக் குழாய். கையை நீட்டினால் தண்ணீர் வரும், எடுத்தால் நிற்கும். டெப்பைத் திருக அம்மாவுக்கு விரல் மடங்கவில்லை என்று இவர் போனில் சொன்னதுதான் காரணம். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்த விரல்.

நான் நீலகிரி, சேரம்பாடி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானதே, அந்தக் கணக்கில் கப்பலேறியவர் என் தாத்தா. அங்கே எங்களை சிலோன்காரங்க என்பார்கள். இங்கே நான் இந்தியாக்காரப் புள்ள. தாத்தா விட்டுப்போன மலைக்கு வந்து குடியிருக்க, நான் விசாவும் கையுமாகப் பத்தரமுல்லை குடிவரவு ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பைப் பாஸ் வந்து குழாயை மாட்டினார். கையை நீட்டினோம். உள்ளே 'டிக்' என்றொரு சத்தம், நூல்போல் ஒழுக்கு, அவ்வளவுதான். கையை எடுத்த பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. அட்டையைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது: 20 பி.எஸ்.ஐ. அழுத்தமாவது வேண்டுமாம். எங்கள் டாங்கி டெப்புக்குப் பத்தடி மேலே, கூரையை ஒட்டி இருந்தது. பத்தடி உயரத்துக்கு நாலு பி.எஸ்.ஐ. சொச்சம்தான் கிடைக்கும். இந்த வால்வில் நாலு சின்ன பேட்டரி ஒரு ஊசித்துளையைத்தான் திறக்கிறது. பெரிய ரப்பர் சவ்வைத் தூக்குவதும் அமுக்கி மூடுவதும் தண்ணீரின் சொந்த பலம். அந்த பலம் எங்கள் தண்ணீருக்கு இல்லை.

பம்ப் போடச் சொன்னார் பாஸ். கரண்ட் பில்லை நினைத்து இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுப்படியிலிருந்து மாமி குரல் மட்டும் வந்தது: "மலையில இருந்துக்கிட்டு மோட்டார் எதுக்குடா? டாங்கிய மேட்டுக்கு ஏத்துங்க." பின்னால் பேரி மரத்துக்கும் மேலே, ஐம்பதடி உயரத்தில் டாங்கி போய் உட்கார்ந்தது. கணக்குப்படி 21. குழாய் சீறியது.

அப்புறம்தான் கூத்து. எங்கள் வீட்டில் பாதிச் சமையல் விறகடுப்பில். சோற்றுப் பானையைக் கழுவ நீட்டினால் குழாய் அசையாது. எவர்சில்வர் தட்டைக் காட்டினால் உடனே கொட்டும். "ஆளப் பாத்துல்ல தண்ணி விடுது! பழைய தொரை மாதிரி," என்றார் மாமி. எனக்கும் முதலில் மாயமாகத்தான் இருந்தது. குழாயின் கழுத்தில் கறுப்புக் கண்ணாடிப் பொட்டு ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதன் வழியே வெளியே போகிறது. எதிரே எதிலாவது பட்டுத் திரும்பினால் வால்வு திறக்கும். கரி அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. திரும்பி வர ஒன்றுமில்லை, ஆகவே குழாயைப் பொறுத்தவரை பானையே இல்லை.

இன்னொரு நாள் காலையில் டாங்கியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. இரவு பாத்திரம் துடைத்த துணியைக் குழாய்க்கு முன்னால் கம்பியில் காயப்போட்டது நான்தான். ஜன்னல் சந்தில் காற்று. மறந்துபோனால் மூன்று நிமிஷத்தில் தானே நிற்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் துணி ஒவ்வொரு முறை ஆடி வரும்போதும் அதற்குப் புதிதாக ஒரு கை வந்த மாதிரி. விடிய விடியத் திறந்து மூடியிருக்கிறது. மாமி என்னைத் திட்டவில்லை. துணியைத்தான் திட்டினார். மருமகளுக்கு அது கேட்கும்படியாக.

மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீரோடு வரும் மணல் உள்வாய் வலையை அடைக்கும். மாதம் ஒரு தரம் கழற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்க்கிறேன். பனிமூட்டம் இறங்கும் நாட்களில் கண்ணாடிப் பொட்டில் ஈரம் கோத்துக்கொண்டால் முந்தானையால் ஒரு துடைப்பு. குழாய் இப்போது என் பொறுப்பாகிவிட்டது.

மாமியும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். கரிப்பானையை இடது கையில் பிடித்து, நாலு விரலையும் வெளியே விரித்து, பொட்டுக்கு எதிரே காட்டுவார். பானையைத் தெரியாத குழாய் விரலைத் தெரிந்துகொள்ளும். தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்த அக்கா ஒருத்திக்கு அதைச் செய்து காட்டும்போது முகத்தில் பெருமை தாங்கவில்லை.

போன ஞாயிறு கொழுந்தன் வீடியோ காலில் கேட்டான், "டெப் எப்படிம்மா?"

"ரொம்ப நல்லா இருக்குப்பா."

சொல்லிக்கொண்டே தேத்தண்ணிக்கு உலை வைத்தார், காலையில் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் பிடித்து வந்த குடத்திலிருந்து. நான் போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினேன்.