அம்பாசடருக்கு நைலானா, ரேடியலா?

அப்பா ஓட்டிய 1978 மாடல் அம்பாசடர், மார்க் 3, இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. போன மழைக்காலத்துக்கு முன்னால் ஐந்து டயரையும் மாற்ற வேண்டிய நிலை. நைலானே போடலாமா, ரேடியலுக்குப் போகலாமா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ரேடியல் போட்டேன்.

நாம் நைலான் என்று சொல்கிற டயரில் நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகும். பக்கச்சுவரும் ரோட்டில் படும் பாகமும் ஒரே கட்டுமானம் என்பதால், வளைவில் ஒன்று நெளிந்தால் மற்றதும் சேர்ந்து நெளிந்து ரோட்டிலிருந்து எழும்பப் பார்க்கும். ரேடியலில் நூல் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு நேராகப் போகிறது, பட்டனுக்கு, அதாவது ரோட்டில் படும் பாகத்துக்கு, அடியில் தனியாக ஸ்டீல் பெல்ட் இருக்கிறது, அதனால் பக்கச்சுவர் வளைந்து கொடுத்தாலும் பட்டன் ரோட்டில் படிந்தே இருக்கும். மிஷலின் 1946லேயே இதற்குக் காப்புரிமை கேட்டுவிட்டது. ஆனால் அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவமைக்கப்பட்டது பழைய வகை டயருக்குத்தான்.

நைலானில் எனக்கு ஒத்துவராதது இரண்டு விஷயம். வண்டி ஒரு வாரம் நின்றால் தரையில் படும் இடம் தட்டையாகிவிடும், காலையில் எடுத்தால் டயர் சூடாகும்வரை முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஸ்டீயரிங் கடகடவென்று ஆடும். இன்னொன்று, லாரி ஓடிப் பள்ளம் விழுந்த ரோட்டில் வண்டி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். மழையில் கோத்தகிரி இறக்கத்தில் அப்படி இழுத்தபோது பின்சீட்டில் அம்மா இருந்தார். அன்றைக்கே பாதி முடிவாகிவிட்டது.

சரி, ரேடியலில் குறையே இல்லையா? இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, நிறுத்தித் திருப்பும்போது தோள்பட்டை வலிக்கிறது. பழைய உயரமும் ஒல்லியும் போய் வண்டி சற்றுத் தாழ்ந்து தெரிகிறது. கண்காட்சியில் நிறுத்துவதற்கும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கும் மட்டும் வைத்திருப்பவர்கள் நைலானையே போடட்டும், அந்தத் தோற்றம் ரேடியலில் வரவே வராது. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிற வண்டிக்கு நான் ரேடியல்தான் சொல்வேன்.

சைஸ் கணக்கு முக்கியம். பழைய நைலான் சைஸான 5.90-15க்குப் பதிலாக நான் எடுத்தது 165/80 R15, டயரின் விட்டம் 645 மில்லிமீட்டர். பழையதைவிடச் சற்றுச் சிறியது, அதனால் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

டயர் போடுவதற்கு முன் டிஸ்க்கை, அதாவது டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தை, பாருங்கள். ரேடியலின் பிடிப்பு டிஸ்க்குக்குக் கூடுதல் சுமை. ஒயர் பிரஷ் வைத்து பெயிண்டைச் சுரண்டியபோது ஒரு டிஸ்க்கில் போல்ட் துளையிலிருந்து முடி போல ஒரு விரிசல் ஓடியது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேடினேன். பழைய டிஸ்க்கின் உள்விளிம்பில் டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது, அதனால் ட்யூப் போட்டுத்தான் ஓட்டுகிறேன், அதுவும் ரேடியலுக்கென்று வரும் ட்யூப்.

தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் தூசியைத் துடைத்தால் நான்கு இலக்கம் தெரியும், 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரம். முதலில் போன கடையில் புத்தம் புதுசு என்று நீட்டிய டயரில் இருந்தது அதுதான், திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பர் காய்ந்துபோயிருக்கும்.

அப்புறம், காசு குறைவு என்று முன்னால் இரண்டு மட்டும் ரேடியல் போட்டுவிடாதீர்கள். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், ஈர ரோட்டில் வண்டி அப்படியே சுற்றிவிடும். நான் ஸ்டெப்னிக்கும் ரேடியலே வாங்கினேன். பழைய நைலானை டிக்கியில் வைத்திருந்து, நடுவழியில் பங்ச்சர் ஆகி அதை மாட்டினால் ஒரே அச்சில் இரண்டு வகை டயர் வந்துவிடும், அந்த நிலையில் வீடுவரை ஓட்டிவர எனக்குத் துணிச்சல் இல்லை.