சட்டையில் தைத்த எண்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மாமியார் வீட்டுப் பழைய பண்ணையை விற்பதற்காக ஒழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பைபிளுக்குள் இருந்து சின்னத் துணித்துண்டு விழுந்தது. அதில் நூலால் தைத்த ஒரு எண், வேறொன்றும் இல்லை. மாமியாரின் தாத்தாவுடையதாம். அவர் அப்பா அம்மா இல்லாத பிள்ளை, நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்தவர் என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லையாம்.

1854 முதல் 1929 வரை இப்படி நியூயார்க் போன்ற நகரங்களிலிருந்து வேறு ஊர்க் குடும்பங்களில் வளர 'அநாதை ரயில்' ஏற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். சார்லஸ் லோரிங் பிரேஸ் தொடங்கிய சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி என்ற நியூயார்க் குழந்தைகள் நல அமைப்பு அனுப்பியவர்கள்தான் அதிகம். அந்தப் பிள்ளைகளை ஊர் மண்டபத்தில் வரிசையாக நிறுத்துவார்கள், வந்தவர்கள் பார்த்துப் பிடித்த பிள்ளையை அழைத்துப் போவார்கள். நானும் முதலில் அவர்களுடைய பதிவுகளில்தான் தேடி இரண்டு மாதத்தை விட்டேன். துணியில் இருந்த எண்ணை அப்போதே யோசித்திருக்க வேண்டும். நியூயார்க் ஃபவுண்ட்லிங் என்ற, கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம்தான் பங்குத்தந்தைகள் மூலம் கத்தோலிக்க வீடுகளை முன்பே பேசி வைத்து, பிள்ளையின் உடையில் ஒரு எண்ணைத் தைத்து, அதே எண்ணை வளர்க்கப்போகும் குடும்பத்துக்கும் அனுப்பியது. உங்கள் வீட்டில் எண் இருந்தால் நேராக அங்கே போங்கள்.

1910 கணக்கெடுப்பில் அவர் கிடைத்தார். ஜெர்மன் விவசாயி ஒருவரின் வீட்டில், நியூயார்க்கில் பிறந்த நான்கு வயதுப் பையன். ஆனால் பிறந்த பெயர் தெரியாமல் மேலே நகர முடியவில்லை, வம்சாவளியைக் காட்டச் சான்றிதழ் கேட்ட அலுவலகம் ஒன்று குடும்பப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. வெறுத்துப் போய்விட்டோம். கடைசியில் பங்குக் கோவிலின் திருமணப் பதிவேடுதான் காப்பாற்றியது, அதில் வளர்த்தவர்கள் பெயரையும் பிறந்த பெயரையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1909 வரையிலான பிறப்புப் பதிவுகளை நியூயார்க் நகர ஆவணக் காப்பகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது, இலவசம். தாய்க்கு 19 வயது, அயர்லாந்தில் பிறந்தவர். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

அந்தப் பெயரை வைத்து இல்லத்துக்கு எழுதினோம். பல மாதம் கழித்துப் பதில் வந்தது, அதில் ஒரு வரி: தாய் நான்கு மாதம் இங்கேயே தங்கிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்.

அங்கே அப்படி ஒரு வழக்கம் இருந்தது. 1869-ல் அந்த இல்லத்தைத் தொடங்கிய சிஸ்டர் ஐரீன் வாசலில் ஒரு தொட்டில் வைத்தார், யாரும் பிள்ளையை அதில் விட்டுவிட்டுப் போகலாம், யாரென்று கேட்க மாட்டார்கள். தங்க விரும்பும் தாய் தன் பிள்ளையோடு இன்னொரு பிள்ளைக்கும் பால் கொடுத்துக்கொண்டு உள்ளேயே இருக்கலாம். அப்படித் தங்கியவர் இவர். அநாதை ரயில் என்று நாமும் சொல்கிறோம், ஆனால் அதில் போன பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்.

மாமியாருக்கு 78 வயது. அந்த வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னார், பிறகு "தாத்தாவுக்கு இது தெரியாமலே போச்சே" என்று அழுதார்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண் எங்கே போனார் என்று இப்போது தேடுகிறோம். 1910-ல் நியூயார்க்கில் அதே பெயரில் வீட்டுவேலை செய்த அயர்லாந்துப் பெண்கள் ஏராளம். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.