பார்டோக் கேள்விக்கு நான் தயாரான விதம்

மேற்கத்திய இசை வரலாற்றுத் தேர்வை முதல் முறை எழுதியபோது ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் பற்றி எனக்குத் தெரியாத வருடம் இல்லை. 1881-ல் பிறப்பு, 1945-ல் நியூயார்க்கில் மறைவு, நடுவில் எந்த வருடம் எந்தப் படைப்பு என்பதெல்லாம் மனப்பாடம். தேர்வில் ஒன்றரை நிமிட இசைத் துண்டு ஒன்றைப் போட்டார்கள். யாருடையது, எதை வைத்துச் சொல்கிறாய் என்பதுதான் கேள்வி. ஒரு வரிகூட எழுத வரவில்லை. அது பார்டோக் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மிகவும் வலித்தது.

அடுத்த முறை வரிசையை அப்படியே மாற்றினேன். முதலில் காது, அப்புறம் ஸ்கோர் (எழுதி வைத்த இசைக்குறிப்பு), கடைசியில்தான் வாழ்க்கை வரலாறு. பத்துப் படைப்புகளை மேலோட்டமாகக் கேட்பதற்குப் பதிலாக ஒன்றையே இரண்டு வாரம் கேட்டேன். 1936-ல் அவர் எழுதிய 'தந்திகள், தாளக்கருவிகள், செலஸ்டாவுக்கான இசை'. செலஸ்டா என்பது பியானோ மாதிரி கட்டைகளை அழுத்தி வாசிக்கிற, மணியோசை தரும் கருவி. தேர்வுக்குப் படிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் பகுதி ஒரு ஃபியூக், அதாவது ஒரே மெட்டை ஒவ்வொரு குழுவும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிக்கொண்டே போகிற வடிவம். ஒலியடக்கி மாட்டிய வயோலாக்கள் மட்டும் 'ஏ' சுரத்தில் ஊர்ந்து தொடங்கும். அதே மெட்டை அடுத்த குழு ஐந்தாம் சுரம் மேலே போய் 'ஈ'-யில் எடுக்கும், அதற்கடுத்தது அந்த 'ஏ'-விலிருந்து ஐந்தாம் சுரம் கீழே இறங்கி 'டி'-யில். இப்படி மேலும் கீழுமாக மாறி மாறி விலகிக்கொண்டே போய், இரண்டு பக்கமும் 'ஈ ஃபிளாட்'டில் வந்து முட்டும். இசை உச்சத்துக்குப் போவது அங்கேதான். பிறகு மெட்டு தலைகீழாகத் திரும்பும், செலஸ்டா பனித்துளி மாதிரி உள்ளே வரும், எல்லாம் பழைய 'ஏ'-வுக்கே வந்து அடங்கும். ஒரு வெள்ளைத் தாளில் நடுவில் 'ஏ' என்று எழுதி, ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், விசிறி விரிகிற மாதிரி வரும். அந்தத் தாளை வரைந்த பிறகு அந்தப் பகுதி எனக்கு மறக்கவே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பகுதி ஃபிபனாச்சி எண்களின்படி (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை: 34, 55, 89) 89 அளவைகளில், அதாவது தாளக் கட்டங்களில், கட்டப்பட்டது என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது எர்னோ லெண்ட்வாய் என்ற ஆய்வாளரின் கருத்து. ஸ்கோரில் எண்ணினால் 88 அளவைகள்தான் இருக்கின்றன. 'லெண்ட்வாய் இப்படிப் பார்க்கிறார்' என்று எழுதுங்கள், பார்டோக் கணக்குப் போட்டு எழுதினார் என்று எழுதாதீர்கள்.

காது பழகிய பிறகு வாழ்க்கை வரலாறு தானாகவே ஒட்டிக்கொள்ளும். 1904-ல் லிடி டோஷா என்ற டிரான்சில்வேனியப் பணிப்பெண் பாடிய நாட்டுப்பாடல் பார்டோக்கை நிறுத்தி யோசிக்க வைத்தது. அடுத்த வருடம் இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான கோடாயின் நட்பு கிடைத்தது. அப்புறம் இருவரும் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் மெழுகு உருளைகளில் பாடல்களைப் பதிவு செய்தார்கள். ஹங்கேரியப் பாடல்களோடு நிற்காமல் ருமேனிய, ஸ்லோவாக்கியப் பாடல்கள், 1913-ல் அல்ஜீரியா, 1936-ல் துருக்கி என்று பார்டோக்கின் தேடல் நீண்டது. அந்த ஃபியூக்கின் மெட்டு ஏன் பேச்சு மாதிரி சின்ன எல்லைக்குள்ளேயே நெளிகிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

தாளத்துக்கு 'மைக்ரோகாஸ்மாஸ்' போதும். 153 சிறு பியானோ துண்டுகள். கடைசி ஆறும் பல்கேரியத் தாளத்தில், அதாவது சமமில்லாத தட்டுக் கூட்டங்கள் சேர்ந்த தாளத்தில், அமைந்த நடனங்கள். 148-ஆவது 4+2+3, 150-ஆவது 2+3, 153-ஆவது 3+3+2. புத்தகத்தில் படித்தால் வெறும் எண்கள்தான், கை தட்டிப் பாருங்கள். 2+3-ஐ 'தக தகிட' என்று சொல்லிக்கொண்டே தட்டினேன், ஒரே நாளில் வந்துவிட்டது. 4+2+3-க்குத்தான் ஒரு வாரம் ஆனது.

அமெரிக்க வருடங்களை அழுகைக் கதையாக எழுதாதீர்கள். 1940-ல் நாட்டை விட்டுப் போனது, பணக்கஷ்டம், லுகேமியா எல்லாம் உண்மை. ஆனால் 'ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்செர்ட்டோ'வை 1943-ல் எழுதியதும் அந்த நோயோடுதான். மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவில் கடைசி 17 அளவைகள் மட்டுமே பாக்கி இருந்தன, நண்பர் டிபோர் ஷெர்லி முடித்துக் கொடுத்தார்.

இரண்டாம் முறை தேர்வில் வந்தது நான் அதுவரை கேட்டிராத ஒரு தந்தி நால்வர் இசை. வில்லே இல்லை, எல்லாரும் விரலால் மீட்டுகிறார்கள். திடீரென்று ஒரு கம்பி பலகையில் மோதிச் சடாரென்று தெறித்தது. விரலால் மீட்டுவதைப் பிட்ஸிகாடோ என்பார்கள், இப்படித் தெறிக்க மீட்டுவதற்கு 'பார்டோக் பிட்ஸிகாடோ' என்றே பெயர். துண்டு முடிவதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன்.