குட்டைக் குழல் ஏர் பிஸ்டலுக்குப் பெல்லட் தேடிய குளிர்காலம்

காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டலுக்கான சிறு ஈயக் குண்டுதான் பெல்லட். அதன் டப்பாவில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் 4.49 என்றோ 4.50 என்றோ ஓர் எண் இருக்கும். பெல்லட்டின் தலை, அதாவது முன்பக்கத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். தில்லியின் இந்தக் குளிர்காலத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் அந்த எண்ணோடுதான் கழிந்தன. பெல்லட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்த நிறுவனம், எத்தனை கிராம் என்பதைத்தான். என் குழலைப் பொறுத்தவரை அவை இரண்டும் பிறகுதான். முதலில் தலை விட்டம், அதற்கடுத்து பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்.

என்னிடம் இருப்பது போட்டிக்குரிய 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலில் குட்டைக் குழல் வகை. முன்பக்கம் கனம் குறைவு என்பதால் மணிக்கட்டுக்கு இதம். ஆனால் குழல் குறுகினால், காற்று பெல்லட்டை உந்தித் தள்ளும் தூரமும் குறைகிறது. போட்டி பிஸ்டலிலிருந்து பெல்லட் ஏறக்குறைய நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. பத்து மீட்டரைக் கடக்க நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. ரைஃபிளுக்கான 0.53 கிராம் பெல்லட்டை விட்டுவிட்டு, பிஸ்டலுக்கென்று வரும் 0.45, 0.49 கிராம் வகைகளை மட்டும் நான் எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனத்தின் ஆர்10, எச் அண்ட் என் நிறுவனத்தின் ஃபினாலே மேட்ச் இரண்டிலும் இந்த இலகு வகைகள் உண்டு.

ஆர்.கே.புரத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் மதுரைக்கார அண்ணன் ஒருவர் உரிமம் பெற்று .32 ரிவால்வர் வைத்திருக்கிறார். "தம்பி, வெளிநாட்டில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ரிவால்வருக்குத் தாங்களே குண்டு வார்த்துக்கொள்கிறார்களாமே? நீங்கள் ஏன் கடையில் வாங்கிய பெல்லட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். அது வீட்டில் செய்கிற காரியமல்ல. ஆனால் அவர் கேட்டதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. வார்த்த குண்டைத் தேர்ந்தெடுப்பவர்களும் இதே கேள்வியோடுதான் போராடுகிறார்கள்: ஈயம் அந்தக் குழலில் சரியாகப் பொருந்துகிறதா? அவர்கள் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து ஈயத்தின் கடினத்தைக் கூட்டுவார்கள், விட்டத்தைக் குழலுக்கேற்பத் திருத்திக்கொள்வார்கள். ஏர் பிஸ்டல் பெல்லட் மென்மையான ஈயம். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் மெல்லிய ஓரத்தோடு குழிவாக இருக்கும். காற்றின் அழுத்தத்தில் அந்த ஓரம் விரிந்து குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்கு வரிகளைப் பற்றிக்கொள்கிறது. தலை அப்படி விரியாது. அது குழலுக்குள் ஆடாமல் போவதற்கு விட்டம்தான் கதி.

இவ்வளவு நுணுக்கம் பிஸ்டலுக்குத் தேவையா என்று சுடும் மைதானத்தில் பலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. வட்டத்தின் கோட்டைத் துளை தொட்டாலே பத்து. ஆகவே பெல்லட்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். ரைஃபிளில் பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. பொட்டு, அதோடு ஒப்பிட்டால் இது தாராளம்தான். ஆனால் பெல்லட் தன் போக்கில் 3 மி.மீ. விலகிப் போகிறதென்றால், என் கைக்கு மிஞ்சுவது 5 மி.மீ. நீட்டிய ஒற்றைக் கையில் பிடித்துச் சுடும் விளையாட்டில் அந்த 3 மி.மீ.யை டப்பாவுக்குத் தாரை வார்க்க எனக்கு மனமில்லை.

கையால் சுட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. கையின் நடுக்கம் பெல்லட்டின் குறையை மறைத்துவிடும். ஓக்லாவில் ஒரு லேத் பட்டறையில், மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு பிஸ்டலின் உடலை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று செய்துகொண்டேன். தாடைகளுக்கு உள்ளே தோல் பட்டை. துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய டாக்டர் கர்ணி சிங் மைதானத்தில்தான் என் பயிற்சி. கிளாம்பை மேசையில் பொருத்தி, ஒரு தாளில் ஐந்து பெல்லட். அடுத்த அளவுக்கு அடுத்த தாள். அளவு மாறும்போதெல்லாம் கணக்கில் சேராத சில பெல்லட்டுகளைச் சுட்டுக் குழலைப் பழக்கிவிட்டேன். பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் மிகவும் இறங்குவதற்கு முன்பே நிரப்பினேன். இல்லையென்றால் சோதனை பெல்லட்டுக்கா காற்றுக்கா என்று தெரியாமல் போய்விடும்.

தட்டைத் தலை பெல்லட் கெட்டித் தாளில் விழும்போது காகிதக் குத்தி போட்டதுபோல் வட்டமாகத் துளைக்கும்; ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஈயக் கறை ஒட்டியிருக்கும். 4.48 தாளில் ஐந்து துளைகளும் கிழிந்த முக்கோணமாகப் பரவிக் கிடந்தன. அந்த அளவு குழலில் கட்டைவிரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு போனது. 4.51 உள்ளே போவதற்குச் சற்று அழுத்த வேண்டியிருந்தது. நான்கு ஒன்றாகவும் ஒன்று தனியாகவும் விழுந்தன, தாளுக்குத் தாள் அதே கதை. 4.50 வைத்த தாளில் ஐந்தும் ஒரே துளையாகச் சேர்ந்திருந்தன. வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதிலிருந்து 4.5-ஐக் கழித்தால் மிஞ்சியது 2 மி.மீ.க்குச் சற்றே மேல். அதை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே நிறுவனத்தின் அதே 4.50, வேறொரு பேட்ச் டப்பாவில் இவ்வளவு நெருங்கி விழவில்லை. ஈயத்தை அழுத்தி உருவாக்கும் அச்சுகள் தேயும், மாற்றப்படும். சீட்டில் உள்ள எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இராது. ஒரு டப்பா நன்றாகப் போகிறதென்றால், அதே பேட்ச் எண் உள்ள டப்பாக்களை முடிந்தவரை வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

நகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற தராசில் எடை போட்டும் பார்த்தேன். நல்ல டப்பாவில் எடை வேறுபாடு அற்பம். அதற்காக ஒவ்வொன்றாக நிறுப்பது என்னைப் பொறுத்தவரை வீண் உழைப்பு. பின் ஓரம் நசுங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பது பலன் தருகிறது. நசுங்கிய பெல்லட்டுகளைத் தனியே எடுத்து, பயிற்சியின் தொடக்கத்தில் கை பழகுவதற்கு வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: இது ஈயம். பெல்லட்டைத் தொட்ட கையோடு சமோசாவை எடுப்பவர்களை மைதானத்தில் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்வது கூடவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் டப்பாவைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

இப்போது கிளாம்பைக் கழற்றிவிட்டுக் கையால் சுடுகிறேன். ஒன்பதில் விழுந்தால் விசையை அழுத்திய விதத்தை மட்டும் யோசிக்கிறேன். டப்பாவின் மேல் சந்தேகம் போவதில்லை. அதே பேட்ச்சில் இன்னும் சில டப்பாக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தச் சோதனை எல்லாம் ஜனவரிக் குளிரில் நடந்தது. மே மாத வெயிலில் 4.50-ஐயும், இதுவரை இரண்டாம் இடத்தில் இருக்கும் 4.49-ஐயும் மீண்டும் கிளாம்பில் ஏற்ற வேண்டும்.