மன்மோகன் தேசாயின் திரைக்கதைக் கணக்கு

1977 என்ற ஒரே ஆண்டில் மன்மோகன் தேசாய் இயக்கிய நான்கு இந்திப் படங்கள் வெளிவந்தன. 'தரம் வீர்', 'சாச்சா பதீஜா', 'பர்வரிஷ்', 'அமர் அக்பர் அந்தோணி'. நான்கிலும் பிரிந்த உறவுதான் கரு. ஆனால் கட்டுமானத்தில் நான்காவதுதான் உச்சம்.

அதில் டைட்டில் கார்டு வருவதற்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் குடும்பம் சிதறி, பிள்ளைகள் மூன்று மதங்களில் வளர்ந்து, மூவரும் தங்கள் தாய் என்று தெரியாமலே ஒரு பெண்ணுக்கு ஒரே நேரத்தில் இரத்தம் கொடுக்கிறார்கள். மூன்று குழாய்களும் மேலேறி ஒரே பாட்டிலில் சேர்ந்து தாய்க்கு இறங்குகின்றன. மருத்துவப்படி நடக்காத காரியம். ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பது ஒரு வசனமும் இல்லாமல் கடைசி வரிசை ரசிகனுக்கும் புரிந்துவிடுகிறது. அவர் லாஜிக்கை விட்டுக்கொடுத்தது தெரியாமல் அல்ல, தெரிந்தே.

இந்த முறையில் எது கெடும்? உணர்ச்சி முடிச்சு பலமாக இல்லாவிட்டால் தற்செயல்கள் பல்லிளிக்கும். 1988இல் 'கங்கா ஜமுனா சரஸ்வதி'யில் அதுதான் நடந்தது. அதன்பின் அவர் படம் இயக்கவில்லை.

தமிழுக்கும் அவர் கதைகள் நிறைய வந்தன: 'சச்சா ஜூட்டா' எம்.ஜி.ஆரின் 'நினைத்ததை முடிப்பவன்' ஆனது. ரஜினியின் 'சங்கர் சலீம் சைமன்', 'மாவீரன்' இரண்டின் மூலமும் அவருடையவைதான்.