ஹரோ வீட்டு ஹீற்றர்கள்: கல்லடியிலிருந்து சில குறிப்புகள்

நவம்பர் 9

லண்டன் ஹரோவில் இருக்கும் மகள் வட்ஸ்அப்பில் அழைத்து, பொயிலர் ஓடிக்கொண்டிருந்தும் மாடி அறைகள் இரண்டும் சூடாகவில்லை என்றாள். மாரி மழையிலும் மின்விசிறியை நிறுத்தாத மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு வீட்டைச் சூடாக்கும் கருவிக்கு வைத்தியம் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் நீர்ப்பம்பிகளோடு வேலைக்காலம் முழுவதையும் கழித்தவனுக்கு அது அவ்வளவு அந்நியமான சங்கதி அல்ல. பொயிலர் சூடாக்கிய தண்ணீரை ஒரு பம்பி வீடெங்கும் சுற்றவிடுகிறது. அறைகளில் ஹீற்றர் என்று நிற்கும் தட்டையான இரும்புப் பெட்டிகள் சூட்டை வாங்கிக்கொண்டு அதே தண்ணீரைத் திருப்பி அனுப்புகின்றன.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று நிற்கிறது; அடிப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் துருச்சேறு படிந்திருக்கிறது; ஒரு பெட்டி மட்டும் முழுவதும் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் வால்வில்தான் கோளாறு. பெரிய அறையில் முதலாவதும், சின்ன அறையில் மூன்றாவதும், கீழே வாசலருகில் இரண்டாவதுமாக ஒரே வீட்டில் மூன்று வருத்தங்களும் இருந்தன.

நவம்பர் 11

மருமகன் வேலை முடிந்து வந்தபோது இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. பொயிலரை நிறுத்தித் தண்ணீர் ஆறிய பிறகே காற்றைத் திறக்க வேண்டும் என்றேன். பம்பி ஓடும்போது திறந்தால் காற்று உள்ளே இழுபடவும் கூடும், கையும் வெந்துபோகும். பெட்டியின் மேல் மூலையிலுள்ள சதுரத் தலை ஆணியில் அதற்கென்று விற்கும் சிறு திறப்பை மாட்டி, அடியில் பழந்துணியைப் பிடித்து, இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினார். சீறல் நீண்டு, விக்கி விக்கித் தண்ணீர் துப்பி, பிறகு சீராக வழிந்ததும் மூடச் சொன்னேன். காற்றுப் போனதால் பொயிலரின் அழுத்தமானியில் முள் 1 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கியிருந்தது. ஆறிய நிலையில் அது 1 முதல் 1.5 வரை நிற்க வேண்டும். ஆகவே நிரப்பும் குழாயை மெல்லத் திறந்து 1.3இல் நிறுத்தி, அதன் இரு முனைகளையும் மூடினார். பொயிலரின் உள்மூடியில் கைவைக்க நான் விடவில்லை. இங்கிலாந்தில் எரிவாயு வேலை 2009 முதல் காஸ் சேஃப் என்ற பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது.

நவம்பர் 13

“மாமா, பழைய தண்ணிய எல்லாம் இறக்கிப்போட்டுப் புதுசா விடுவமா?” என்று மருமகன் கேட்டார். கிணறு இறைத்துப் பழகிய ஊர்க்காரருக்கு வருகிற நியாயமான எண்ணந்தான், ஆனால் இங்கே கணக்கு நேர்மாறானது. புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் உருக்கைத் தின்கிறது. அது தீர்ந்ததும் அரிப்பும் பெருமளவு அடங்கிவிடுகிறது. எனவே சுற்றிச் சுற்றிக் கறுத்துப்போன பழைய தண்ணீர், அதிலும் துருத்தடுப்பு மருந்து கலந்தது, குழாய்க்குப் பகையல்ல. அடிக்கடி முள் இறங்குவதும் அடிக்கடி நிரப்புவதுமாக இருந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பவர் துருவுக்குத் தீனி போடுகிறார். கறுப்புச் சேறு வெறும் அழுக்கு அல்ல, காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஒட்சைட்டு. இந்த அரிப்பில் ஐதரசன் வாயுவும் உண்டாகலாம் என்பதால், காற்றுத் திறக்கும் இடத்தில் நெருப்புக் காட்டக் கூடாது.

நவம்பர் 16

சின்ன அறை. எண்களிட்ட வால்வுத் தலையைக் கையால் கழற்றியபோது உள்ளேயிருந்த ஊசி அமுங்கியபடியே ஒட்டி, தண்ணீர் வழியை அடைத்துக்கிடந்தது. கோடை முழுவதும் மூடிவைத்தால் இப்படி ஆகும். குறட்டால் இழுக்க வேண்டாம், ஊசி கழன்றால் தண்ணீர் பீறிடும் என்று எச்சரித்தேன். பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, ஒரு துளி எண்ணெய் விட்டு, அமுக்கி அமுக்கி விட்டதில் அது துள்ளி எழுந்தது. வரும் கோடையில் தலையை முழுவதும் திறந்தே வைக்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 23

முள் 1.3இலேயே நிற்கிறது, ஆகவே ஒழுக்கு இல்லை. வாசல் ஹீற்றரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் ஹோஸ் குழாயால் அலச வேண்டும், ஆனால் இந்தக் குளிரில் வேண்டாம், சித்திரைக்குப் பிறகு செய்யலாம் என்று முடிவானது. அன்று மறக்காமல் செய்ய வேண்டியதை இப்போதே எழுதிவைக்கச் சொன்னேன்: மூடியிட்ட மறுபக்க வால்வை அடைக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்து, திரும்பவும் அதே அளவே திறக்க வேண்டும். அறைகளுக்கிடையே தண்ணீரைப் பங்கிடுவது அந்த அளவுதான். பிறகு துருத்தடுப்பு மருந்தைப் போத்தலில் உள்ள அளவுப்படி சேர்க்க வேண்டும்.