சாய்தளக் கணக்கில் உராய்வை எப்போது எழுதுவது?

30 டிகிரி சாய்தளத்தில் 5 கிலோ கட்டை. அதில் கட்டிய நூல் உச்சியிலுள்ள கப்பி வழியாகக் கீழே இறங்குகிறது. நுனியில் 3 கிலோ எடைக்கல் தொங்குகிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (கட்டை அசையாதபோது) 0.4, இயக்க உராய்வுக் குணகம் (சறுக்கும்போது) 0.3. நூலுக்கும் கப்பிக்கும் நிறை இல்லை, கப்பியில் உராய்வும் இல்லை. முடுக்கம் எவ்வளவு? இந்த வகைக் கணக்கில் விடை தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம், உராய்வை அவசரப்பட்டு எழுதுவதுதான்.

முதலில் விசைப்படம். கட்டையை மட்டும் தனியே வரைந்து, அதைத் தொடுபவை எவை என்று பார்க்கிறேன். தளம் தொடுகிறது: செங்குத்து விசை (தளத்துக்குச் செங்குத்தாகத் தள்ளுவது), உராய்வு. நூல் தொடுகிறது: இழுவிசை. தொடாமல் இழுப்பது எடை ஒன்றே. ஆக நான்கு அம்புகள். 'நிறை × முடுக்கம்' என்று ஐந்தாவது அம்பு போடவே கூடாது. அது அந்த நான்கும் சேர்ந்து தரும் விளைவு. அச்சுகளைத் தளத்தோடு சேர்த்துச் சாய்த்துவிட்டால், எடையை மட்டும் கூறு பிரித்தால் போதும்.

கட்டையின் எடை 5 × 9.8 = 49 நியூட்டன். தளத்தின் வழியே கீழ்நோக்கி 49 × சைன் 30 = 24.5. தளத்தை அழுத்துவது 49 × கொசைன் 30 = 42.4; செங்குத்து விசையும் இதே அளவுதான், 49 அல்ல. எது சைன், எது கொசைன் என்று குழம்பினால் கோணத்தைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். சமதளத்தில் சறுக்கவைக்கும் கூறு மறைந்தாக வேண்டும், அதனால் அது சைன். கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் சைன் 30-க்கு −0.988 வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உராய்வு. கல்லின் எடை 29.4; உராய்வே இல்லையென்றால் கட்டையை மேலே இழுப்பது 29.4 − 24.5 = 4.9 நியூட்டன். ஓய்வுநிலை உராய்வு தாங்கக்கூடிய உச்சம் 0.4 × 42.4 = 17. வெறும் 4.9-ஐ அது எளிதில் தாங்கும். கட்டை நகராது, முடுக்கம் பூஜ்யம். உராய்வு 17 அல்ல, தேவைப்பட்ட 4.9 மட்டுமே, தளத்தின் வழியே கீழ்நோக்கி. இழுவிசை 29.4.

இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்து 0.3 × 42.4 = 12.7 என்று போட்டால், (4.9 − 12.7) ÷ 8 = −0.98 வரும் (8 என்பது கட்டையும் கல்லும் சேர்ந்த நிறை). உடனே 'கட்டை கீழே சறுக்குகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். கீழே சறுக்கினால் உராய்வு மேல்நோக்கித் திரும்பும், மறுபடி போட்டால் (24.5 − 29.4 − 12.7) ÷ 8, அதுவும் குறை எண். இரு திசையிலும் குறை எண் வந்தால் பொருள் அசையவில்லை.

கல்லை 6 கிலோ ஆக்குங்கள். 58.8 − 24.5 = 34.3, இது 17-ஐத் தாண்டுகிறது. கட்டை மேலே நகரும். இப்போதுதான் இயக்க உராய்வு: (34.3 − 12.7) ÷ 11 = 1.96 மீ/வி². இழுவிசையைக் கல்லின் எடையான 58.8 என்றே விட்டுவிடாதீர்கள். கல் முடுக்கத்தோடு இறங்குகிறது. கல் பக்கம் 6 × (9.8 − 1.96) = 47. கட்டை பக்கம் 24.5 + 12.7 + 5 × 1.96 = 47. இரண்டும் ஒத்துப்போகும் வரை விடையை எழுதுவதில்லை.

நேரம் இருந்தால், எந்த எடைக்கல் வரை கட்டை அசையாது என்றும் போட்டுப் பாருங்கள். சுமார் 0.77 கிலோவிலிருந்து 4.23 கிலோ வரை வரும். நடுவே 2.5 கிலோவில் உராய்வு பூஜ்யம். அதற்குக் கீழே போனால் உராய்வின் அம்பு மேல்நோக்கித் திரும்பிவிடும்.